முத்து செய்யும் புழுவும் ஏமாற்றும் புழுவும்

விஞ்ஞானிகளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? அவர்கள் லத்தீனில் சிரிப்பார்கள். அதனால நம்ம காதுல விழறதில்லை, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டு வந்த லின்னேயஸை, யோஹான் சீகஸ்பெக் என்ற தாவரவியலாளர் கடுமையாகத் தாக்கி எழுதினார். பூவின் மகரந்தத்தாள்களையும் சூலகத்தையும் எண்ணித் தாவரங்களை வகைப்படுத்துவது ஆபாசம் என்பது அவர் கட்சி. ஒரு பிசுபிசுப்பான களைச்செடிக்கு சீகஸ்பெக்கியா என்ற பெயர் லின்னேயஸ் புத்தகத்தில் ஏறியது. அந்தச் செடி நம்ம ஊர் மலைப் பகுதிகளிலும் முளைக்கிறது. சீகஸ்பெக் என்ன எழுதினார் என்று இன்றைக்கு யாரும் தேடிப் படிப்பதில்லை. செடி மட்டும் அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நிற்கிறது.

இது ஐரோப்பாக் கதை. இதே மாதிரி ஒரு லத்தீன் சிரிப்பு நம்ம மன்னார் வளைகுடாவிலும் நடந்திருக்கிறது. தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கும் முத்துச்சிப்பிதான் அதன் மேடை. முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு விடை தேடிப் போன இரண்டு பேர் ஒரு புழுவுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வந்து வேறொரு பெயர் வைத்தார். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு முழு நகைச்சுவை நாடகமே அதில் இருக்கிறது. கூடவே ஒரு கம்பெனி மூழ்கிய கதையும், ஒரு கடற்கரையின் தொழில் போன கதையும் இருக்கிறது.

கடல்கட்டி

ஆய்வுக்கூடத்துக்குள் போவதற்கு முன்னால், அதற்கு முந்தைய நிபுணரைப் பார்த்துவிடுவோம்.

முத்துக்குளிப்பை இந்தக் கரையில் சலாபம் என்பார்கள். சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். கொற்கை காலத்திலிருந்து நடந்து வந்த தொழில் இது. சலாபத்தில் மூழ்கும் ஆளுக்குப் பெரிய பயம் சுறா. அதற்கென்றே ஒருவர் இருந்தார். அவர் பெயர் கடல்கட்டி, அதாவது கடலைக் கட்டுகிறவர். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிடுவார். அவர் கட்டினால்தான் ஆள் மூழ்குவான்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டுகிற மந்திரவாதிக்கு. இதுல அருமையான விஷயம் என்னன்னா, மந்திரம் பகலுக்கு மட்டும்தானாம். சாயங்காலம் ஆனதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். ஏன்? ராத்திரியில் எவனாவது திருட்டுத்தனமாக மூழ்கி முத்து எடுத்துவிடக் கூடாதே! மந்திரவாதியே வாட்ச்மேன் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். பகலில் பாதுகாப்பு, ராத்திரியில் பூட்டு, இரண்டுக்கும் ஒரே சம்பளம்.

சிரிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் ஆட்சி வந்த பிறகும் கடல்கட்டிக்கு அரசாங்கம் கூலி கொடுத்தது. அதிகாரிகள் மந்திரத்தை நம்பியதால் அல்ல. அவர் இல்லாவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால். நூற்றுக்கணக்கான படகுகள், ஆயிரக்கணக்கான ஆட்கள், கல் விழும் சத்தம், கூச்சல். இந்த அமளியில் சுறா பொதுவாகக் கிட்டே வருவதில்லை என்று அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கடல்கட்டியின் வெற்றி விகிதம் ரொம்ப அதிகம். எப்போதாவது சுறா கடித்துவிட்டால் கடிபட்டவன் மேல் ஏதாவது குறை சொல்லிக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் ஆட்கள் பாஷையில் சொன்னால், ஃபெயில் ஆகவே முடியாத டெஸ்ட் கேஸ்.

இந்த டெஸ்ட் கேஸை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேவைப்படும்.

புழு கொடுக்கச் சொன்ன டாக்டர்

முத்து எப்படி உண்டாகிறது? சிப்பி வாய் திறக்கும்போது மழைத்துளி விழுந்தால் முத்து என்று நம்ம ஊரில் சொல்வார்கள். ரோமாபுரியின் பிளினி பனித்துளி என்றார். முத்துச்சிப்பி பல பாகம் ஆழத்தில், பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிற பிராணி. மழை பெய்கிறது என்று மேலே வந்து வாயைத் திறக்க அதனால் முடியாது. ஆனால் கதை அழகாக இருந்ததால் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் ஃபிரெடரிக் கேலார்ட். இலங்கையில் பிறந்த டாக்டர், இயற்கை ஆராய்ச்சியாளர். முத்துச் சலாபங்கள் அடிக்கடி பொய்த்துப் போவது ஏன் என்று கண்டுபிடிக்க 1857-ல் இலங்கை அரசாங்கம் அவரை நியமித்தது. திருகோணமலையில் சிப்பிகளை வளர்த்து, நறுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தார். சிப்பியின் உடம்புக்குள் குட்டிக் குட்டிப் புழுக்கள் இருந்தன. முத்து உண்டாவதில் இந்த ஒட்டுண்ணிகளுக்குப் பங்கு இருக்கலாம் என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. மற்றப் பார்களில் உள்ள சிப்பிகளுக்கும் இந்தப் புழுவைத் தொற்ற வைத்தால் முத்து மகசூலைக் கூட்டலாம் என்றும் யோசனை சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் டாக்டர் என்றால் புழுவுக்கு மருந்து கொடுப்பவர். இவர் புழுவையே மருந்தாகக் கொடுக்கச் சொன்ன டாக்டர்! 1860-ல் அவர் இறந்துவிட்டார். யோசனை மட்டும் காகிதத்தில் தங்கியது.

அதே 1860-களில் தூத்துக்குடியில் கேப்டன் ஃபிப்ஸ் என்ற துறைமுக அதிகாரி வேறு வழியில் முயன்றார். ஆழக்கடலில் கிடக்கும் குஞ்சுச் சிப்பிகளைக் கொண்டு வந்து, துறைமுகத்தின் ஆழமில்லாத தண்ணீரில் தடுப்புக் கட்டி வளர்ப்பது, பெரிதானதும் பாருக்குக் கொண்டு போய் விடுவது. ஆக, இந்தக் கரையின் முதல் நர்சரி பள்ளி சிப்பிகளுக்காகத் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் தேறவில்லை. முயற்சி தோற்றது.

முத்தை அமிலத்தில் போட்டவர்கள்

இப்போது முக்கியப் பாத்திரங்கள் வருகிறார்கள்.

1891-க்குப் பிறகு இலங்கைப் பக்கம் சலாபமே இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் வருமானம் பூஜ்யம். அரசாங்கம் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தது. கடல் பீச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1902 ஜனவரியில் வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல் வந்தார். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்ப, ஹார்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார்.

முத்தை ஆராய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே இருப்பது சுண்ணாம்புச் சத்து. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் அதை அமிலத்தில் கரைக்க வேண்டும். கிளியோபாட்ரா ஒரு பந்தயத்துக்காக முத்தைப் புளிக்காடியில் கரைத்துக் குடித்தாள் என்று பிளினி ஒரு கதை சொல்கிறார். கிளியோபாட்ரா செய்தால் ஊதாரித்தனம். பேராசிரியர் செய்தால் ஆராய்ச்சி. வருமானம் போச்சே என்று அரசாங்கம் ஆளைக் கூப்பிட்டால், வந்தவர்கள் செய்த காரியங்களில் ஒன்று முத்தைக் கரைப்பது.

மற்றபடி இந்தக் கரையில் சிப்பியிலிருந்து முத்தை எடுக்கும் முறை அமிலத்தை விட மோசம். சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு கழுவினால் முத்து மிஞ்சும். சலாபம் நடக்கும் இடத்தின் நாற்றம் காற்றடிக்கும் திசையில் வெகுதூரம் வரும். 1889-ல் தூத்துக்குடி சலாபத்தைப் பார்க்கப் போன சென்னை அருங்காட்சியக அதிகாரி எட்கர் தர்ஸ்டனும் இந்த ஈக்களோடும் நாற்றத்தோடும்தான் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. ராணியின் கழுத்தில் தொங்கும் பொருள் பிறந்த வீடு இப்படி.

சரி, அமிலத்தில் என்ன தெரிந்தது? கரைத்த சில முத்துகளின் நடுவில் நாடாப்புழுவின் இளம் பருவம் போன்ற எச்சம் கிடைத்தது. சிப்பிகளின் உடம்பை நறுக்கினால் அதே மாதிரி உருண்டைப் புழுக்கள் ஏராளம். ஹெர்ட்மனும் ஹார்னெல்லும் முடிவுக்கு வந்தார்கள். தசை ஒட்டும் இடத்தில் சுண்ணாம்புத் துணுக்கைச் சுற்றி உண்டாகும் சில்லறை முத்துகள் ஒரு வகை. ஆனால் நல்ல உருண்டையான, ஒளி உள்ள முத்துக்குக் காரணம் புழு. பிரான்சில் ரஃபேல் துபுவாவும் அதற்குச் சற்று முன்பு வேறொரு சிப்பியை ஆராய்ந்து, எவ்வளவு அழகான முத்தானாலும் அது ஒரு புழுவின் பளபளப்பான சவப்பெட்டிதான் என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தார். ஆகவே காற்று புழுவின் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

திருக்கைக்கு வந்த மரியாதை

நாடாப்புழு என்றால் அதற்கு ஒரு வாழ்க்கைச் சுழற்சி வேண்டும். குஞ்சு ஒரு பிராணியிடம், பெரிசு இன்னொரு பிராணியிடம். தேடினார்கள். முத்துச்சிப்பியைக் கடித்துத் தின்னும் கிளாத்தி மீன்கள் இருக்கின்றன. சிப்பியை நொறுக்கித் தின்னும் திருக்கைகளும் இருக்கின்றன. திருக்கையின் குடலில் முழு வளர்ச்சி அடைந்த நாடாப்புழு கிடைத்தது. கேம்பிரிட்ஜின் ஆர்தர் ஷிப்லியும் ஹார்னெல்லும் சேர்ந்து 1904-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள்: டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபாக்டர்.

யூனியோ என்றால் லத்தீனில் பெரிய ஒற்றை முத்து. ஃபாக்டர் என்றால் செய்பவன். ஆக, புழுவின் பெயர் முத்து செய்பவன். சாதாரணப் பெயரா? கிட்டத்தட்ட ஒரு அரசு நியமன ஆணை!

இந்தக் கோட்பாட்டின் தர்க்கத்தைப் பின்தொடர்ந்து போனால் வேடிக்கையான இடங்களுக்குப் போய்ச் சேருவோம். திருக்கை வயிற்றில் புழு முட்டை போடும், முட்டை கடலில் கலக்கும், குஞ்சு சிப்பிக்குள் போகும், சிப்பியை மீன் தின்றால் புழு ஜெயித்தது. மீன் தின்னாமல் புழு சிப்பிக்குள்ளேயே செத்துவிட்டால், அதைச் சுற்றி முத்து. அதாவது முத்து என்பது வாழ்க்கையில் தோற்றுப்போன ஒரு நாடாப்புழு. இன்னொரு பக்கம் பாருங்க. சிப்பியைத் தின்று தீர்க்கிற திருக்கைதான் சலாபத்தின் எதிரி. ஆனால் அது இல்லாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் முத்து இல்லை. நேற்று வரை திருடன், இன்றைக்கு முதலாளி. சிப்பியே இல்லாவிட்டால் முத்து இல்லை, சிப்பியைத் தின்பவன் இல்லாவிட்டாலும் முத்து இல்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி என்ன உத்தரவு போடுவார்?

இது முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. மன்னார் வளைகுடாவின் பாறை, மணல், பவளம், கடற்பஞ்சு, நண்டு, நத்தை, மீன் எல்லாவற்றையும் பற்றி நிபுணர்கள் எழுதினார்கள். இந்தக் கடலின் உயிரினங்களைப் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்ட வேண்டியிருக்கிறது. வேலை அவ்வளவு சுத்தம். பிசகியது ஒரே ஒரு இடத்தில்.

எங்கே பிசகியது என்பதை நம்ம ஊர்ப் பாணியில் சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் எப்பப் பார்த்தாலும் கொக்கு நிற்கிறது. உப்பளம் இருக்கிற இடத்திலெல்லாம் கொக்கு. கொக்கும் வெள்ளை, உப்பும் வெள்ளை. ஆகவே உப்பு செய்வது கொக்குதான். இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

மன்னார் வளைகுடாச் சிப்பிகளில் அந்தப் புழு ரொம்ப சகஜம். சகஜமான பொருள் எங்கே தேடினாலும் கிடைக்கும், முத்து இருக்கிற சிப்பியிலும் கிடைக்கும், இல்லாத சிப்பியிலும் கிடைக்கும். பக்கத்தில் நிற்பவன் எல்லாம் காரணகர்த்தா ஆகிவிட மாட்டான்.

கம்பெனி மூழ்கிய கதை

அறிவியல் பக்கம் இப்படி ஓடிக்கொண்டிருக்க, காசு பக்கம் என்ன நடந்தது? 1903-ல் சிப்பி திரும்பி வந்தது. 1904, 1905, 1906 என்று வரிசையாகச் சலாபம். 1905-ல் வந்த வருமானத்தைப் பார்த்து எல்லாரும் அசந்துவிட்டார்கள். ஐந்தாம் தொகுதி வெளிவந்த அதே 1906-ல் ஒரு லண்டன் கம்பெனி இலங்கையின் முத்துப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. முறையான ஆய்வு நடந்தாயிற்று, பார்கள் நிறைந்து கிடக்கின்றன, இனிமேல் என்ன கவலை?

1907-ல் ஒரு சலாபம் நடந்தது. அத்தோடு சரி. சிப்பி போய்விட்டது. குத்தகைக் காலம் முடிய இன்னும் எத்தனையோ வருஷம் பாக்கி இருக்கும்போதே கம்பெனி கடையைக் கட்டியது.

சிப்பி இப்படித்தான் செய்யும் என்பது ஹெர்ட்மனுக்கே தெரியும். அவர் வந்த 1902-லேயே பெரிய பார் என்ற இடத்தில் குஞ்சுச் சிப்பிகள் கணக்கற்றுக் கிடப்பதைப் பார்த்தார்கள். அதே வருஷக் கடைசியில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. மழைக்காலக் கடலின் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. அறிக்கையில் அதுவும் இருக்கிறது. ஆனால் அறிக்கையில் எச்சரிக்கை இருக்கும் பக்கத்தைப் பணம் போடுகிறவர் வழக்கமாகத் திருப்புவதில்லை. இது நூறு வருஷத்துக்கு முந்தைய பழக்கம் மட்டும் என்று நினைக்கிறீர்களா? சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் எஸ்டிமேட் அனுப்பிய எவரையும் கேட்டுப் பாருங்கள்.

ஏமாற்றும் புழு

இப்போது மூன்றாவது ஆள் வருகிறார். ஹென்றி லிஸ்டர் ஜேம்சன். இவர் புழுவுக்கு விரோதி இல்லை. ஐரோப்பாவில் கிடைக்கும் ஒரு வகைக் கடல் மட்டியில் முத்து உண்டாவதற்கு ஒட்டுப்புழு ஒன்று தூண்டுதலாக இருக்கிறது என்று 1902-ல் எழுதியவரே இவர்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் இவர் கவனித்த முக்கியமான விஷயம் வேறு. முத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கிறது. சிப்பி ஓட்டின் உள்பக்கப் பளபளப்பை எந்தத் தோல் சுரக்கிறதோ, அதே வகைச் செல்களால் ஆன பை. முத்துப் பை. அந்தப் பை இருந்தால்தான் முத்து.

1912-ல் மன்னார் வளைகுடாச் சிப்பியைப் பற்றிய நீண்ட கட்டுரையை ஜேம்சன் வெளியிட்டார். முத்துகளை அறுத்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் புழு இல்லை. சிப்பியின் உடம்பில் உருண்டைப் புழு இருக்கும் இடத்தைப் பார்த்தார். அதைச் சுற்றி இருந்தது வெறும் நார்த்திசு உறை. பளபளப்பைச் சுரக்கிற செல் ஒன்றுகூட அங்கே இல்லை. அதாவது சிப்பி அந்தப் புழுவை நம்ம உடம்பு முள்ளைச் சுற்றித் தழும்பு கட்டுவது போலக் கட்டி ஒதுக்கிவிடுகிறது. அது முத்து செய்யும் பட்டறை இல்லை.

அடுத்த அடி இன்னும் பலம். சிப்பியில் இருக்கும் உருண்டைப் புழு, திருக்கையில் கிடைத்த முத்து செய்பவனின் குஞ்சே இல்லை. வேறு வகைப் புழு. அதாவது வேலைக்கு ஆர்டர் வாங்கியவர் ஒருத்தர், ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர் இன்னொருத்தர்.

இந்த உருண்டைப் புழுவுக்கு ஜேம்சன் வைத்த பெயர் டைலோசெஃபாலம் லூடிஃபிகன்ஸ்.

லூடிஃபிகன்ஸ் என்றால் லத்தீனில் ஆட்டம் காட்டுகிற, கேலி செய்து ஏமாற்றுகிற என்று அர்த்தம். முத்து செய்பவன் என்று கொண்டாடப்பட்ட ஆசாமிக்கு, ஆராய்ச்சியாளர்களுக்குத் தண்ணி காட்டியவன் என்று பட்டம். அதுவும் விலங்கியல் சங்கத்தின் இதழில், எந்த ஆச்சரியக்குறியும் இல்லாமல், வரைபடத்தோடும் அளவுகளோடும்.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. அறிவியல் பெயரிடும் விதிகளின்படி, ஒரு பெயர் பொருத்தமில்லை என்பதற்காக அதை நீக்க முடியாது. யூனியோனிஃபாக்டர் முத்து செய்யவில்லை என்று நிரூபணம் ஆனாலும் பெயர் பெயர்தான். எங்க தொழிலில் இதை லெகசி கோட் என்போம். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தர் ஒரு மாறிக்குத் தப்பான பெயர் வைத்துவிட்டுப் போயிருப்பார். மாற்றினால் எங்கேயோ ஏதோ உடையும் என்று எல்லாரும் அதையே தொடர்ந்து டைப் அடிப்பார்கள். விலங்கியல் பட்டியல்களில் இன்றும் இரண்டு பெயரும் கிடைக்கும். முத்து செய்யாத முத்து செய்பவன் ஒருவர், ஏமாற்றுகிறவர் ஒருவர்.

இப்போது கடல்கட்டியிடம் திரும்பலாம். அவருடைய மந்திரம் பொய்த்தது என்று எழுதி வைக்க இடமே இல்லை. ஹெர்ட்மன், ஹார்னெல் கோட்பாடு அப்படியில்லை. எந்த முத்தை எப்படிக் கரைத்தோம், எந்தப் புழு எந்த மீனின் எந்தப் பகுதியில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் அச்சிட்டுப் பொதுவில் வைத்தார்கள். அதனால்தான் ஜேம்சனால் அதே வேலையைத் திரும்பச் செய்து தவறைக் காட்ட முடிந்தது. தோற்கடிக்கத் தேவையான ஆயுதத்தைத் தாங்களே எதிராளி கையில் கொடுத்தவர்கள் அவர்கள். லூடிஃபிகன்ஸ் என்ற கேலி சாத்தியமானதே அதனால்தான். கடல்கட்டியைப் பற்றி இப்படி ஒரு ஜோக் அடிக்க அவருடைய சக கடல்கட்டி ஒருவராலும் முடியாது.

ஹார்னெல் இதற்கெல்லாம் இடிந்து போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, பிறகு அதன் இயக்குநரும் ஆனார். தூத்துக்குடியின் சங்குகுளிப்பு, முத்துச் சலாபம், நம்ம கரையின் படகு வகைகள் பற்றி அவர் எழுதியவை இன்றும் அடிப்படை நூல்கள். புழு ஏமாற்றியது. கடல் அவருக்கு நிறையக் கொடுத்தது.

வேப்பலோடையில் மெந்தால்

அப்படியானால் விடை என்ன? ஜேம்சன் கவனித்த முத்துப் பைதான். உள்ளே இருப்பது புழுவா, மணலா, ஒன்றுமே இல்லையா என்பது இரண்டாம் பட்சம். ஓட்டைச் சுரக்கும் மேன்டில் என்ற மடிப்புத் தோலின் செல்கள் உடம்புக்குள் மாட்டிக்கொண்டு ஒரு பையாக மாறினால், அவை தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையை அங்கேயும் செய்யும். பளபளப்பை அடுக்கடுக்காகப் பூசும்.

ஜப்பானில் மிசே என்ற தச்சரும் நிஷிகாவா என்ற உயிரியலாளரும் 1907-ஐ ஒட்டி இதைச் செய்முறையாக்கினார்கள். ஒரு சிப்பியின் மேன்டிலிலிருந்து துளியூண்டு துண்டு, கூடவே ஒரு மணி, இரண்டையும் இன்னொரு சிப்பியின் உடம்பில் வைப்பது. மிகிமோட்டோ அதைப் பெரும் தொழிலாக்கினார். முத்து வியாபாரிகள் போலி, போலி என்று அலறியபோது, 1921-ல் நேச்சர் இதழில் அந்த முத்துகளைப் பற்றி எழுதியவர் யார் தெரியுமா? அதே ஜேம்சன். அவை இயற்கை முத்து உண்டாகும் அதே முறையில்தான் உண்டாகின்றன, உள்ளே இருக்கும் மணிதான் வித்தியாசம் என்றார். அந்த மணிகள் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மட்டி ஓட்டிலிருந்து செய்யப்பட்டவை. ஜப்பான் முத்தை அறுத்தால் நடுவில் அமெரிக்கா இருக்கும்.

ஜப்பான் இந்த நுட்பத்தை வெளியே விடவில்லை. மன்னார் வளைகுடாவில் அதை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமியும் அவர் குழுவும் 1972-ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் இந்த வேலையைத் தொடங்கினார்கள்.

இங்கே ஆய்வுக்கூட நகைச்சுவைக்குப் பஞ்சமே கிடையாது. முதல் பிரச்சினை, சிப்பி வாயைத் திறக்காது. நெம்பினால் செத்துவிடும். வழி என்ன? கடல் தண்ணீரில் மெந்தாலைத் தூவி அதில் சிப்பியைக் கிடத்துவது. தலைவலித் தைலத்தில் இருக்கிறதே, அதே மெந்தால். கொஞ்ச நேரத்தில் சிப்பி சொக்கிப்போய் தானாக வாயைத் திறந்துவிடும். அப்புறம் பல் டாக்டர் மாதிரி ஒரு பிடிப்பானில் மாட்டி, நுண்கருவிகளால் சதையில் ஒரு வழி கீறி, மேன்டில் துண்டையும் மணியையும் சேர்த்து வைப்பார்கள். துண்டும் மணியும் ஒட்டி இருக்க வேண்டும். தள்ளிப் போனால் முத்து கிடையாது.

இவ்வளவு செய்து கடலில் மிதவையில் தொங்கவிட்டால், சில சிப்பிகள் மயக்கம் தெளிந்து மணியை வெளியே துப்பிவிடும். அறுவை சிகிச்சை நிபுணரின் முகத்தில் அவரது வேலையையே துப்புகிற நோயாளி! துப்பாதவற்றின் ஓட்டில் பார்னக்கிள் பற்றிக்கொள்ளும். சிப்பியைத் தின்னும் கடல் நத்தைகள் கூண்டுக்குள் குடியேறும். மாதக்கணக்கில் சுரண்டிச் சுத்தம் செய்து காக்க வேண்டும். உள்ளே முத்து இருக்கிறதா என்று நடுவில் திறந்து பார்க்கவும் முடியாது.

1973 ஜூலையில் ஒரு சிப்பிக்குள்ளிருந்து உருண்டையான முத்து வந்தது. இந்தியாவில் இப்படி வளர்த்தெடுத்த முதல் உருண்டை முத்து. எந்தப் புழுவின் உதவியும் இல்லாமல், ஹெர்ட்மன் ஆராய்ந்த அதே வளைகுடாவில், ஐந்தாம் தொகுதி வெளிவந்து 67 வருஷம் கழித்து. மறுவருஷம் கரண்ட் சயின்ஸ் இதழில் செய்தி அச்சாகிவிட்டது. ஜப்பான் பொத்திப் பொத்தி வைத்ததை இவர்கள் எழுதி வைத்தார்கள். 1981-ல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் முத்துச்சிப்பியை இனப்பெருக்கம் செய்ய வைத்து, நுண்பாசி ஊட்டிக் குஞ்சு வளர்ப்பதிலும் வெற்றி கிடைத்தது. ஃபிப்ஸின் நர்சரியில் பிள்ளைகள் தேற நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

மிச்சமிருப்பது

இங்கே முடித்தால் சுபம். ஆனால் முடியவில்லை.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை வருஷா வருஷம் சலாபம் நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு சலாபமும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் முத்து வந்தபோது கடலில் குளிப்பு நின்று 12 வருஷம் ஆகியிருந்தது. மூச்சடக்கி முத்தெடுத்த பரதவர் குடும்பங்கள் சங்குக்கும் மீனுக்கும் துறைமுக வேலைக்கும் போயாயிற்று. ஆய்வுக்கூடக் குஞ்சுகளைக் கொண்டு போய்ப் பார்களில் விதைத்தும் பார்த்தார்கள். பழைய மாதிரி சிப்பி குவியவில்லை.

கேலார்டிடம் 1857-ல் அரசாங்கம் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? முத்து எப்படி உண்டாகிறது என்பது அல்ல. சலாபம் ஏன் பொய்க்கிறது என்பதுதான். ஹெர்ட்மனைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். வந்தவர்கள் எல்லாரும் முத்தின் அழகில் மயங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கே அதிக நேரம் கொடுத்தார்கள். அந்தச் சின்னக் கேள்விக்கு அழகான விடை கிடைத்துவிட்டது. குளியாளுக்குத் தேவைப்பட்டது பெரிய கேள்வியின் விடை: பார் எப்போது நிறையும், ஏன் காலியாகும்.

ஆராய்ச்சியில் இது அடிக்கடி நடக்கிறது. கேட்ட கேள்வி ஒன்று, விடை கிடைத்த கேள்வி இன்னொன்று. அது யாருடைய குற்றமும் இல்லை. விடை எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நுண்ணோக்கி நிற்கும். லூடிஃபிகன்ஸ் என்ற பெயரை அடுத்த முறை எங்காவது பார்த்தால், அந்தப் புழு ஏமாற்றியதை மட்டும் நினைக்காதீர்கள். அதைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் தேடாமல் விட்டதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.